ஆயுத பூஜைக்கு ஆடிப்போன தட்டு

பயந்த சுபாவம் உள்ளவளுக்கு லேப் வேலை சரிப்படாது என்று கல்யாணமான புதிதில் என் மாமியார் சொன்னார். அந்த வேலையையே ஆயுசுக்கும் பார்த்து ஓய்வும் பெற்ற பிறகு சொல்கிறேன், பயம் இல்லாதவர்களுக்குத்தான் அது சரிப்படாது. கேஸை அணைத்தோமா, மூடியைத் திருகினோமா, இந்தக் குழாயில் இருப்பது இவருடைய ரத்தம்தானா என்று பஸ் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டே வருகிறவள் நான். பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போய்ப் பார்த்ததும் உண்டு. மூடி ஒழுங்காகத்தான் இருக்கும்.

இப்போது இதை எழுத வைத்தது நித்யா. நான் விட்டு வந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். சென்னைக்கு ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து போன் செய்தாள்.

"மேடம், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா குட்டிக் குழியில போட்டு, அது எப்போ புரதத்தை வெளிய விடுதுன்னு கேமரா படம் புடிச்சிக்கிட்டே இருக்குது மேடம். ஒண்ணு போட்டவுடனே விடுது. ஒண்ணு சும்மாவே கெடந்துட்டு ரொம்ப நேரம் கழிச்சி விடுது. ஒண்ணு விட்டுட்டு, நிறுத்திட்டு, மறுபடியும் விடுது. எல்லாம் ஸ்கிரீன்லயே தெரியுது. நீங்கள்லாம் கண்ணாலயே புள்ளி எண்ணுனீங்களாமே, எப்படி மேடம் நம்புனீங்க?"

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நம்பினோம் என்று அவளுக்கு யார் சொன்னது?

படித்தது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. அதன் பிறகு கடலூரில் பல வருஷம் சளி ஸ்லைடு பார்த்தேன். காசநோய்க் கிருமி சிவப்புக் குச்சி மாதிரி தெரியும், அதைத் தேடித் தேடிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். 2004இல் சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை, மேல வீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக் காசநோய்க்கென்று மருத்துவமனையும் சிறிய ஆய்வகமும் ஆரம்பித்தது. கீழே நோயாளிகள் பார்க்கும் இடம், எக்ஸ்ரே அறை. மேலே லேப். அதற்கு ஆள் கேட்டார்கள், போனேன். வீடு மஞ்சக்குப்பத்தில் என்பதால் தினமும் கடலூர்–சிதம்பரம் பஸ். எட்டு வருஷம், 2012 வரை அங்கே இருந்தேன். நான் பார்த்த வேலைகளிலேயே என்னை அதிகம் தூங்கவிடாத வேலை அதுதான்.

அங்கே செய்த சோதனையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. நம் ரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு வகை, முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும். அந்தக் கிருமியின் துண்டு ஒன்றை மறுபடி காட்டினால், ஒரு புரதத்தை வெளியே விடும். மற்ற அணுக்களுக்கு அது சேதி. எங்கள் தட்டில் வரிசையாகக் குழிகள் இருக்கும். குழியின் அடியில் அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு மெல்லிய சவ்வு. பிரித்தெடுத்த வெள்ளணுக்களைக் கிருமித் துண்டோடு குழியில் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டரில் ஓர் இரவு வைத்துவிட வேண்டும். எந்த அணு எங்கே உட்கார்ந்து புரதத்தை விட்டதோ, அந்த இடத்திலேயே அது ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அணுக்களைக் கழுவிக் கொட்டிவிட்டுச் சாயம் ஏற்றினால், அந்த இடமெல்லாம் நீலப் புள்ளியாகத் தெரியும். வேட்டியில் பிழிந்த வடகத்தை எடுத்த பிறகு வட்டம் வட்டமாகக் கறை நிற்குமே, அது மாதிரி. ஒரு புள்ளி என்றால் ஒரு அணு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் புள்ளி வந்தால் அந்த உடம்பு காசநோய்க் கிருமியைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

புள்ளியிடம் ஒரே ஒரு குறை. அணு புரதத்தை விட்டது என்று சொல்லும், எப்போது விட்டது என்று சொல்லாது. வைத்தவுடனா, விடியற்காலையிலா, விட்டு விட்டா? எங்கள் டாக்டரம்மாவுக்கு அந்தக் கேள்வி ஒரு அரிப்பு. வேறு வேறு தட்டுகளை வேறு வேறு மணிக்கு எடுத்துப் பார்த்தார். அந்தத் தட்டில் இருப்பது வேறு அணு, இந்தத் தட்டில் இருப்பது வேறு அணு. ஒரே அணுவை அதன் நேரத்தோடு பிடிக்க எங்களிடம் வழி இல்லை.

டாக்டரம்மாவின் பெயர் எஸ்தர். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ பெரியவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எப்படித் தெரியும்?" என்பார். திட்டுகிற தொனியே இருக்காது, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற தொனி. ஒருமுறை, "டாக்டர், வெளிய மழை பெய்யுது" என்றேன். "எப்படித் தெரியும்?" என்றார். ஜன்னலைக் காட்டினேன். "ஓ" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். இவரைக் கட்டிக்கொண்டவர் பாவம் என்று நான் நினைத்ததுண்டு.

புள்ளி எண்ணுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். யாருடைய குழி எது என்று அவருக்குத் தெரியாதபடி நான் தட்டின் மேல் ஒட்டுப்போட்டு வேறு எண் எழுத வேண்டும். உருப்பெருக்கியில் முதலில் அவர் எண்ணுவார், பிறகு நான். ஒருவர் எண்ணியதை மற்றவர் கேட்கக் கூடாது. இரண்டும் ஒத்து வராவிட்டால் இருவரும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி எண்ண வேண்டும். எத்தனை சொம்பு தண்ணீர் குடித்திருப்போமோ.

இன்னொன்று. எல்லாத் தட்டிலும் மூன்று காவல் குழிகள் உண்டு. ஒன்றில் கிருமித் துண்டே போடமாட்டோம், அது வெறுமையாக வர வேண்டும். ஒன்றில் எல்லா அணுவையும் உசுப்பிவிடும் மருந்து போடுவோம், அது கறுத்துப்போக வேண்டும். மூன்றாவதில் என் ரத்தம். அத்தனை வருஷம் சளி ஸ்லைடு பார்த்தவள் என்பதால் என் அணுக்களுக்கு அந்தக் கிருமியை நன்றாகவே தெரியும். தட்டுக்குத் தட்டு ஏறக்குறைய ஒரே அளவில் புள்ளி வரும். அப்படியென்றால் எனக்கும் நோய் வருமா என்று முதல் வருஷம் முழுக்க உள்ளுக்குள் நடுங்கினேன். கடைசியில் வாய்விட்டே கேட்டேன்.

"உங்களுக்கு நோய் இல்ல விஜயா. ஞாபகம் இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

"எப்படித் தெரியும் டாக்டர்?" என்றேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடலூர்ப் பக்கத்து நோயாளிகளின் ரத்தத்தைக் காலையில் நானே வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருவேன். உயிருள்ள அணு வேண்டும் என்பதால் அதை ஐஸில் வைக்கக் கூடாது. ஆனால் நம் ஊரில் ரத்தம் என்றால் ஐஸ்தான். ஒருமுறை ஒரு நர்ஸம்மா என் மேல் இரக்கப்பட்டு, நான் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பெட்டி நிறைய ஐஸ் கொட்டிவிட்டார். சிப்காட் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது, மருந்து நெடிக்கு எல்லோரும் மூக்கைப் பொத்துகிற இடத்தில், மடி ஜில்லென்று இருக்கிறதே என்று திறந்து பார்த்தேன். அத்தனையும் வீண். அன்றிலிருந்து பெட்டியை யார் கையிலும் கொடுத்ததில்லை. சீட்டு கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வருவேன். "என்னம்மா, நகையா?" என்பார் கண்டக்டர்.

இன்குபேட்டருக்கும் காவல் தேவைப்பட்டது. யாராவது சும்மா கதவைத் திறந்து பார்த்தால் சூடும் வாயுவும் வெளியே போய்விடும். அதனால் கதவில் பெரிதாக 'திறக்காதே' என்று எழுதி ஒட்டியிருந்தோம். அதை எல்லோரையும்விடப் பயபக்தியாகக் கடைப்பிடித்தவன் எங்கள் அட்டெண்டர் ராஜவேலு. சேத்தியாத்தோப்புக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து கதவில் கை வைத்தபோது, "சார், அது உள்ள உசுரு இருக்குது" என்று கையைத் தட்டிவிட்டவன். கரண்ட் போனால் அடுத்த நொடி ஜெனரேட்டரிடம் நிற்பான். அந்த வருஷங்களில் கரண்ட் போகாத நாளா?

அவனுடைய அக்கா கோமதி. சேத்தியாத்தோப்பில் ஒரு மருந்துக் கடையில் வேலை. கணவர் இல்லை, ஒரே மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வந்த ஆயுத பூஜைக்கு மூன்று வருஷம் முன்பு கோமதிக்கு இடது கண்ணின் பின்பக்கம் வீக்கம் வந்தது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், குறைந்தது. நிறுத்தினார்கள், திரும்பி வந்தது. இப்படியே இரண்டு முறை நடந்து அந்தக் கண்ணில் பார்வை போய்விட்டது. இப்போது வலது கண்ணில் புகை மூட்டம். மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாமல், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கடலூரில் அவளைப் பார்த்த கண் டாக்டர் இளைஞர், விவரமானவர். இது கண்ணில் வந்த காசநோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சளியும் இல்லை. கண்ணுக்குள்ளிருந்து துண்டு வெட்டி எடுக்கவும் முடியாது, இருப்பது ஒரே கண். காசநோய் என்றால் மாத்திரை இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பது கிருமிக்குச் சோறு போடுகிற மாதிரி. ஸ்டீராய்டு கொடுக்காமல் காத்திருந்தாலும் வீக்கத்தில் நரம்பு செத்துப்போகும். "இன்னிக்கு சாயங்காலம் ஊசி போட்டே ஆகணும். அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துக்குங்க. ஸ்டீராய்டு ஏறிடிச்சின்னா அந்த செல்லுங்க வாயத் தொறக்காது. அப்பறம் உங்க டெஸ்டு செல்லாது" என்றார், ரத்தம் வாங்கப் போன என்னிடம். மறுநாள் ஆயுத பூஜை. தள்ளிப்போட வழியே இல்லை.

அன்று காலை நானும் ராஜவேலுவும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவன் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தான். சீட்டு எனக்குத்தான் கிடைத்தது. அவன் பக்கத்தில் நின்றுகொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் என் மடியில் இருந்த பெட்டியையே பார்த்தான்.

"விஜயாக்கா, டைட்டா புடிச்சிக்கோங்க. ரோடு மோசம்."

"புடிச்சிக்கிட்டுதான்டா இருக்கேன்."

"நெய்வேலியில ஒருத்தர் குறி சொன்னாரு, கண்ணு போவாதுன்னு. உங்க மெஷினு என்னா சொல்லப் போவுதோ."

மதியத்துக்குள் அணுக்களைப் பிரித்து, எண்ணி, தட்டில் விட்டு, இன்குபேட்டரில் வைத்துவிட்டேன். என் ரத்தமும் வழக்கம்போல அதே தட்டில். மறுநாள் விடுமுறை என்பதால் முந்தின நாள் சாயங்காலமே பூஜை. எங்கள் இடத்தில் எக்ஸ்ரே மெஷினுக்குத்தான் முதல் மரியாதை. கீழே கற்பூரம் காட்டப்போகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். டாக்டரம்மா கிறிஸ்தவர், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் வந்து கை கட்டி நிற்பார், பொரி கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவார். இருவரும் இறங்கிப் போனோம். சங்கு ஊதி, தீபாராதனை காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து முடிய நேரமாயிற்று.

மேலே வந்தபோது லேப் பளபளவென்று இருந்தது. மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, சென்ட்ரிஃபியூஜுக்குப் பொட்டு. இன்குபேட்டருக்கு மட்டும் சந்தனம், குங்குமம், அதன் மேல் சாமந்தி மாலை. ராஜவேலு குளித்துவிட்டு வந்தவன் போல வேர்த்து நின்றான், கையில் ஈரத்துணி.

"இன்னைக்கி அக்கா உள்ள இருக்குது இல்ல. அதான் இதுக்கு ஜாஸ்தியா செஞ்சேன்" என்றான்.

எனக்கு முதலில் நெஞ்சு நெகிழத்தான் செய்தது. அதற்குள் டாக்டரம்மா தரையைப் பார்த்துவிட்டார். இன்குபேட்டரின் கால் இருக்கும் இடத்தில் பழைய வட்டக் கறை ஒன்று உண்டு. அதுவும் இல்லை.

"பின்னாடியும் தொடச்சீங்களா, ராஜவேலு?"

"ஆமாம் டாக்டரம்மா. வாட்ச்மேனும் நானும் முன்னாடி இழுத்து, அப்புடியே லேசா சாய்ச்சி, அடியில எல்லாம் தொடச்சிட்டோம். அஞ்சு வருஷத்து தூசி. கதவத் தொறக்கவே இல்ல."

கதவைத் திறக்கவே இல்லை. கதவைத் திறக்காதே என்றுதான் எழுதி ஒட்டியிருந்தோம். அணு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தால்தான் புள்ளி, தட்டு சாய்ந்தால் அது உருண்டு போய் வேறு இடத்தில் புரதத்தை விடும் என்பதை அவனுக்கு யார் சொன்னது? வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் ஒரு தட்டில் பொரியும் கடலையும் எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினான். அவர் ஒரு கை அள்ளிக்கொண்டார். நின்ற இடத்திலேயே, ஒவ்வொன்றாக, முழுவதையும் மென்று தின்றார். பிறகு, "விஜயா, கடலூருக்கு போன் போடுங்க. ஊசி போட்டாச்சான்னு கேளுங்க" என்றார்.

போட்டேன். "மூணு மணிக்கே போட்டாச்சி மேடம். மத்தியானம் திடீர்னு பார்வ மங்கிடிச்சி, டாக்டர் காத்திருக்க வேணாம்னுட்டாரு" என்றாள் அங்கிருந்த பெண்.

இனி மறுபடி ரத்தம் எடுத்துப் பயனில்லை. அந்தத் தட்டில் இருப்பதுதான் கோமதியின் கடைசிச் சாட்சி. தட்டை வெளியே எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம். ஆடினது ஆடினதுதான். மிச்ச நேரத்தையாவது அதுங்களுக்குக் குடுப்போம்" என்றார். சற்று நேரம் கழித்து, "எதைத் தொடக் கூடாதுன்னு சொன்னோம், ஏன்னு சொல்லல" என்றார். அவனிடம் அன்று எதுவும் சொல்லவில்லை. அவன் மாலையைச் சரிசெய்துவிட்டு அக்காவைப் பார்க்கக் கடலூருக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தது. நான் லேபுக்குள் நுழைந்தபோது டாக்டரம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கழுவி, சாயம் ஏற்றி, காயவைத்தோம். ஒட்டுப்போட்டு எண் மாற்றுகிற வேலையை அன்றைக்கும் செய்யச் சொன்னார். முதலில் அவர் பார்த்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவே இல்லை. பிறகு எழுந்து, "பாருங்க" என்றார்.

புள்ளிகள் இருந்தன. ஆனால் ஒரு குழியில் ஏறக்குறைய எல்லாப் புள்ளிக்கும் இடது பக்கத்தில் ஒரு குட்டிப் புள்ளி, சிலவற்றில் இரண்டையும் இணைத்து மெல்லிய வால். எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே இடைவெளியில். இன்னொரு குழியில் பெரும்பாலும் தனித்தனிப் புள்ளிகள், இரண்டு மூன்றுக்கு மட்டும் குட்டி. ஒட்டைப் பிரித்தேன். ஜோடி ஜோடியாக இருந்தது என் குழி. தனியாக இருந்தது கோமதியுடையது.

"விஜயா, உங்க செல்லுங்க வெச்ச உடனே விட ஆரம்பிச்சிருக்கு. அது குட்டிப் புள்ளி. சாய்ச்சப்போ உருண்டிருக்கு. உருண்ட இடத்துல விடியற வரைக்கும் விட்டிருக்கு, அது பெரிசு" என்றார் டாக்டரம்மா. "ஒரே செல்லு, ரெண்டு நேரம்."

இத்தனை வருஷம் அவர் தேடியது அந்தத் தட்டில் இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பயம் இதுதான்: ஒரு அணு இரண்டு புள்ளி வைக்கும் என்றால், கோமதியின் குழியில் நாங்கள் எண்ணுவது அணுவையா, ஒரே அணுவை இரண்டு தடவையா? அப்படியே எண்ணினால் காசநோய். பாதியாக்கினால் இல்லை.

"அவுங்களது தனித்தனியா இருக்கே டாக்டர். லேட்டா முழிச்ச செல்லா இருக்கும், சாய்ச்சதுக்கு அப்பறமா விட்டிருக்கும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டு அவர் எழுந்து எக்ஸ்ரே அறையிலிருந்து பயன்படாத ஒரு பிலிமைக் கழுவி எடுத்து வந்தார். கண்ணாடி போன்ற அந்தத் தாளில் என் குழியின் ஜோடிகளை அப்படியே மையால் குறித்தார். குட்டிக்கும் பெரிசுக்கும் உள்ள தூரம், சாய்ந்த திசை, எல்லாம். பிறகு அதே அளவை வைத்துக் கோமதியின் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தோம். இந்தப் புள்ளிக்கு அந்தத் தூரத்தில், அந்தத் திசையில் துணை உண்டா? இல்லை. அடுத்தது. இல்லை. அடுத்தது, உண்டு, ஒன்றாக எண்ணு. அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை, நடுவில் தண்ணீர். ஜோடியை எல்லாம் ஒன்றாகக் கணக்கில் எடுத்தும் கோமதியின் எண்ணிக்கை கோட்டுக்கு மேலே நின்றது. கொஞ்சம்தான் மேலே. ஒரு தும்மல் தும்மினால் கீழே விழுந்துவிடும் போல இருந்தது.

"ரிப்போர்ட் எழுதட்டுமா?" என்றேன்.

"ஆடின தட்டுக்கு நான் ரிப்போர்ட் தரமாட்டேன். நேர்ல போய்ச் சொல்லுவோம். வாங்க."

இருவரும் கடலூர் பஸ் ஏறினோம்.

கண் டாக்டர் தன் அறையில் உட்கார வைத்தார். ராஜவேலு எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து கதவோரம் நின்றுகொண்டான். அவனைப் போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"பாசிட்டிவா, நெகட்டிவா மேடம்?"

"தட்டு நடுவுல ஆடிடிச்சி" என்று ஆரம்பித்து, டாக்டரம்மா எதையும் மறைக்காமல் சொன்னார். "ஆடாம இருந்திருந்தா பாசிட்டிவ்னு எழுதிக் குடுத்திருப்பேன். இப்போ எழுத முடியாது. ஜோடிய ஒண்ணா எண்ணியும் கோட்டுக்கு மேலதான் இருக்கு. ஆனா ரொம்பக் கிட்ட."

"மேடம், டிபி மருந்துல ஒண்ணு கண் நரம்பையே அடிக்கும். இருக்கிறது ஒரு கண்ணு. இல்லாத டிபிக்கு நான் அதைக் குடுத்துட்டேன்னா? ஜோடின்னு எப்படி நிச்சயமாச் சொல்றீங்க, எப்படித் தெரியும்?"

விளையாட்டாக இல்லாமல் அந்தக் கேள்வி அவரிடமே திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. என்னைக் காட்டினார்.

"இவங்க ரத்தமும் அதே தட்டுல ஆடிச்சி. இவங்க செல்ல எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். அத வெச்சிச் சொல்றேன். தப்பாவும் இருக்கலாம். என் கண்ணா இருந்தா, அந்த ஒரு மருந்த மட்டும் விட்டுட்டு மத்தத சாப்பிடுவேன்."

கண் டாக்டர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "தட்டு எப்படி ஆடிச்சி? யாரு ஆட்டுனாங்க?"

"ஆயுத பூஜைக்கு மெஷினத் தொடச்சோம்" என்றார் டாக்டரம்மா. "என் லேபு. நான்தான் பொறுப்பு."

நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் திரும்பிவிட்டேன். ராஜவேலுவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கோலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அன்று மாலையே கோமதிக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள், கண்ணை அடிக்கிற அந்த ஒன்றை விட்டுவிட்டு. ஸ்டீராய்டும் தொடர்ந்தது. அதற்கப்புறம் வந்த மாதங்களை நான் எப்படித் தள்ளினேன் என்று சொல்லத் தெரியவில்லை. தினமும் ராஜவேலுவைப் பார்க்கிறேன், கேட்கப் பயம். அவனாக அக்காவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். வேலையில் ஒரு குறை கிடையாது. ஆனால் இன்குபேட்டர் இருக்கும் மூலைக்குப் போகமாட்டான். சிலிண்டர் மாற்றுவதற்குக்கூட வாட்ச்மேனை அனுப்புவான். டாக்டரம்மா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டில் என்ன நடந்தது என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னார். தலையைத் தலையை ஆட்டினான். மறுபடியும் அந்த மூலைக்குப் போகவில்லை. நாங்கள் தப்பாக எண்ணியிருந்தால், இவன் வாழ்நாள் முழுக்கத் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்து நினைத்துப் பயந்தேன்.

கண் மெதுவாகத் தெளிந்தது. ஸ்டீராய்டை நிறுத்திய பிறகும் வீக்கம் திரும்பி வரவில்லை. மாத்திரையால் நின்றதா, தானாக நின்றதா என்று கண் டாக்டரைக் கேட்டேன். "உங்க மேடம் மாதிரி என்னையும் பேச வெச்சிட்டீங்க. எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கோடையில் ஒரு நாள் கோமதி லேபுக்கே வந்தாள். ஸ்ரீமுஷ்ணத்தில் வேண்டுதலை முடித்துக்கொண்டு, கோரைக்கிழங்குப் பிரசாதத்தோடு நேராக வந்திருந்தாள். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. கடைக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னாள்.

"டாக்டர், என்னோட செல்லு புள்ளியா இருக்குதாமே. அதை நான் பாக்கலாமா?"

காய்ந்த தட்டு கெடாது, இருட்டில் வைத்திருந்தோம். நான் எடுத்து வந்து உருப்பெருக்கியில் பொருத்தினேன். டாக்டரம்மா தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். கோமதி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வலது கண்ணை லென்ஸில் பொருத்தினாள். நான் குமிழைத் திருகித் தெளிவாக்கக் கையை நீட்டினேன். "இருங்க, நானே பண்றேன்" என்று அவளே திருகிக்கொண்டாள். பிறகு கடையில் மாத்திரை எண்ணுகிறவர்களைப் போல, விரலால் மேசையைத் தட்டியபடி மெதுவாக எண்ண ஆரம்பித்தாள்.

"இதுல சிலதுக்கு மட்டும் பக்கத்துல குட்டியா ஒண்ணு, வால் மாதிரி இழுத்துக்கிட்டிருக்கே. அது என்னா டாக்டர்?"

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கம் அரவம் கேட்டது. ராஜவேலு உள்ளே வந்து, இத்தனை மாதம் கால் வைக்காத அந்த மூலையில், இன்குபேட்டர் பக்கத்தில் போய் நின்றான்.

"அக்கா" என்றான். "அது நான் பண்ணது. உன் ரத்தம் உள்ள இருக்கும்போது மெஷின இழுத்து சாய்ச்சிப்புட்டேன். பூஜைக்குத் தொடைக்கறேன்னு. அதனாலதான் அவுங்களால சரியாச் சொல்ல முடியாமப் போச்சி. உன் கண்ணு போயிருந்தா அது என்னாலதான்க்கா."

கோமதி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. இடது கையை மட்டும் அவன் பக்கமாக நீட்டி, பொறு என்பது போலக் காட்டினாள்.

"இர்றா. எண்ணிக்கிட்டிருக்கேன்ல" என்றாள். "நீ பேசுனதுல விட்டுப்போச்சி."

முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.